மடிப்பாக்கத்தில் இரண்டு கிரவுண்டில் ஒன்பது வீடு: சுற்றுச்சூழல் பாதிப்பை எங்கே குறைக்கலாம்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மடிப்பாக்கத்தில் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை. அதில் அப்பா கட்டிய பழைய வீடும் ஒரு கிணறும் இருக்கின்றன. சகோதரர்கள் மூவரும் ஒரு பில்டரிடம் கொடுத்து, ஸ்டில்ட்டுக்கு (வண்டி நிறுத்தத் தூண்களோடு திறந்தே விடும் தரைத்தளம்) மேல் மூன்று தளமாக ஒன்பது வீடு கட்டப் போகிறீர்கள். பில்டர் ‘கிரீன் ஹோம்ஸ்’ என்று சோலார், மாடித்தோட்டம், எல்இடி விளக்கு எல்லாம் போட்ட படத்தைக் காட்டுகிறார். செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாமல் எது நிஜமாகவே பாதிப்பைக் குறைக்கும், எது விளம்பரம் என்று கேட்கிறீர்கள். அதாவது, கையில் இருக்கிற கொஞ்சம் பணத்தையும், பில்டரோடு மல்லுக்கட்டும் தெம்பையும் முதலில் எதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

பின்னால் திருத்த முடியாதவற்றில் செலவழியுங்கள். சோலார் பேனலைப் பத்து வருடம் கழித்தும் மாட்டலாம், எல்இடி விளக்கை எப்போது வேண்டுமானாலும் போடலாம். மனையில் கொட்டிய மண்ணையும், ஊற்றிய கான்கிரீட்டையும், மூடிய கிணற்றையும், மேற்கு வெயிலைப் பார்த்து வைத்த படுக்கையறையையும் அப்புறம் யாரும் மாற்றப் போவதில்லை. பில்டரின் படத்தில் இருப்பவை எல்லாம் முதல் வகை, இல்லாதவை எல்லாம் இரண்டாம் வகை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் இடம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து தெற்கே கோவளம் பக்கம் கடலுக்கு. மடிப்பாக்கம் இந்த நீர்வழிக்குள்ளேயே இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே தண்ணீர் நின்றதற்கு மழை பாதிக் காரணம் என்றால், தண்ணீர் நிற்கவும் நகரவும் இடமில்லாமல் போனது மீதிக் காரணம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேல் போனால்தான் அது தேவை. உங்களுடையது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எனவே உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பகுதியை நிரப்பியதில் கணிசமான பங்கு இப்படி யாரும் கேட்காத ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகளுடையதுதான். ஒன்றையொன்று கூட்டிப் பார்க்க நம் விதிகளில் வழியில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தருவதை நிறுத்தி வைக்கும்படி 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. மடிப்பாக்கம் முழுவதும் அதில் வராது, ஆனால் தெருவுக்குத் தெரு தூரம் மாறும். இப்போதைய நிலை என்ன என்பதை உங்கள் சர்வே எண்ணைக் காட்டி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விலேயே கேளுங்கள். பில்டர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி முன்பணம் கைமாற வேண்டாம்.

இனி மண். இந்தப் பகுதியில் வழக்கம் என்னவென்றால், பழைய வீட்டை இடித்த கையோடு ரோட்டைவிட மூன்றடி உயரத்துக்கு மண்ணோ இடிபாட்டு ரப்பிஷோ கொட்டி, சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பி, அதற்கு மேல் ஸ்டில்ட் தளம் போடுவது. கணக்குப் போடுங்கள்: 4,800 சதுர அடி, மூன்றடி உயரம், 14,400 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற வியாபாரக் கணக்கில் 144 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் 48 லோடு. லிட்டரில் சொன்னால் நான்கு லட்சத்துக்கு மேல். வெள்ளம் வரும் நாளில் உங்கள் மனையில் நின்றிருக்கக்கூடிய அந்த நான்கு லட்சம் லிட்டரும் பக்கத்து வீட்டுக்கும் பின்தெருவுக்கும் போகும். அடுத்த வருடம் அவர்களும் மண் அடிப்பார்கள். மறுபடி ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ரோடும் உயரும். இந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் யாருமில்லை.

நீங்கள் ஸ்டில்ட் கட்டுவதே ஒரு வாய்ப்பு. தரைத்தளத்தில் வீடு இல்லை என்னும்போது அதை ஏன் உயர்த்த வேண்டும்? வண்டி ஏற வசதியாக ரோட்டைவிட அரை அடி, அதிகம் போனால் ஒரு அடி போதும். மீதி இடத்தை இப்போதிருக்கும் மட்டத்திலேயே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்து போகும் தளம் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப கட்ட வேண்டும். அதாவது ஈ.பி. மீட்டர் பலகை, பம்ப் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி எதுவும் ஸ்டில்ட்டில் தாழ்வாக இருக்கக் கூடாது. உங்கள் தெருவில் 2015இலும் 2023இலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பல வீட்டுச் சுவர்களில் கறையே இருக்கும். அதற்கும் இரண்டடி மேலே வையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் லிஃப்ட்டை முதல் தளத்தில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதை வாட்ச்மேன் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கான அறையும் ஸ்டில்ட்டில் வேண்டாம், மாடிப்படி அருகே முதல் தளத்தில் ஒதுக்குங்கள். காம்பவுண்டு சுவரில் பத்தடிக்கு ஒன்றாக, தரை மட்டத்தில் கம்பி வலை வைத்த திறப்புகள் விட்டால் தண்ணீர் வந்த வழியே வடியும்.

சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெள்ளத்தில் மக்களை அதிகம் வதைப்பது வீட்டுக்குள் வந்த தண்ணீரைவிட, சாக்கடை கலந்த தண்ணீர் சம்ப்புக்குள் இறங்குவதுதான். சம்ப்பின் வாயைத் தரையோடு தரையாக வைக்காமல் மூன்றடி உயர்த்திக் கட்டி, ரப்பர் வளையம் வைத்த மூடி போடுங்கள். செப்டிக் டேங்க் மூடிக்கும் இதுவே. வெளியே போகும் கழிவுக் குழாயில் திரும்பிவராத வால்வு ஒன்று போட்டால் தெருச் சாக்கடை உள்ளே ஏறாது. இன்னொன்று: நிலத்தடி நீர் மேலே ஏறும் நவம்பரில் காலியான சம்ப்பை நீர் அடியிலிருந்து தள்ளும், மெல்லிய அடித்தளம் விரிசல் விடும். மழைக்காலத்தில் சம்ப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று முழுக்க இறைத்துவிட்டு விடாதீர்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் யோசனை யாராவது சொன்னால் இதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள். அதைக் கட்டி முடிக்கிற வரை இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துத் தெருவில் விடுவார்கள், அப்புறமும் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

இனி கிணறு. அதை மூடாதீர்கள். பில்டர் அதன் மேல் ஒரு தூண் வருகிறது என்பார். வரைபடக் கட்டத்தில் தூணை நகர்த்துவதற்கு ஒரு செலவும் இல்லை. மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், ஆனால் பல இடங்களில் அது நிறைவுச் சான்றிதழுக்காகத் தோண்டிய ஒரு குழியோடு நின்றுவிடுகிறது. உங்கள் பகுதியில் மேலே களிமண், அதற்குக் கீழே சிதைந்த பாறை என்பதே பொதுவான அமைப்பு. களிமண்ணில் நாலடிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் தண்ணீர் இறங்காது, கொசுதான் வளரும். சோதிப்பது எளிது. கோடையில் இரண்டடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் ஆழமற்ற குழியை மறந்துவிடலாம். பழைய கிணறு பெரும்பாலும் அந்தக் களிமண்ணைத் தாண்டி ஏற்கெனவே போயிருக்கும். நீங்கள் புதிதாகக் காசு கொடுத்துத் தோண்ட வேண்டிய உறைகிணறு உங்களிடமே இருக்கிறது.

அளவு என்ன? சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். உங்கள் மொட்டை மாடி 300 சதுர மீட்டர் என்று வைத்தால், ஆவியாதலும் சிதறலும் போக வருடத்துக்கு மூன்றரை லட்சம் லிட்டர். ஒன்பது வீட்டில் 36 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்ற திட்ட அளவில் தினம் 4,860 லிட்டர் தேவை. ஆக மாடி மழை ஏறக்குறைய 70 நாள் தேவைக்குச் சமம். 100 மில்லிமீட்டர் கொட்டும் ஒரே நாளில் 30,000 லிட்டர் வரும். அதனால் மாடி நீரை முதலில் வடிகட்டிச் சம்ப்புக்கும், சம்ப் நிரம்பினால் கிணற்றுக்கும், கிணறும் நிரம்பினால் மழைநீர் வடிகாலுக்கும் போகும்படி மூன்று கட்டமாக அமையுங்கள். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு வேண்டும். அதன் பின் இரண்டடிக்கு இரண்டடி தொட்டி, அடியில் பெரிய ஜல்லி, மேலே சிறு ஜல்லி, அதற்கும் மேல் மணல், நடுவில் நைலான் வலை. வண்டி நிற்கும் ஸ்டில்ட்டின் நீரைக் கிணற்றில் விடாதீர்கள், எண்ணெய் கலந்திருக்கும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையில் மனை அனுமதிக்கும் அதிகபட்ச தூரம் வேண்டும். மழைநீர்க் குழாயைச் சாக்கடை மேன்ஹோலில் இணைப்பது சட்டப்படி தப்பு, அடுத்தவர் வீட்டுக் கழிவறை பொங்குவதற்கும் அதுதான் காரணம். புரட்டாசி முடிவதற்குள் வடிகட்டியின் மணலை மாற்ற வேண்டும். இதை எழுதி வைத்து ஒருவர் பெயரில் பொறுப்பாக்காவிட்டால் மூன்றாம் வருடம் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி ஒன்று உண்டு. கார்த்திகையில் சதுப்புநில ஓரம் நிலத்தடி நீர் தரைக்கு வெகு அருகில் வந்துவிட்டால் கிணறு புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது. அப்போது மழைநீரைக் கிணற்றில் விடும் மீள்நிரப்பு வெள்ளத்தைக் குறைக்கும் என்பது வெறும் நம்பிக்கைதான். செப்டம்பர், அக்டோபர் மழையை அது உள்ளே இழுக்கும், கோடையில் லாரித் தண்ணீரைக் குறைக்கும். வெள்ளத்துக்கு நிஜமான உதவி மண் கொட்டாமல் இருப்பதே. சென்னை நீரின் ஒரு பகுதி மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரிலிருந்து வருகிறது, ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. லாரித் தண்ணீரோ புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்து டீசல் எரித்து வருகிறது. அதனால் குழாயில் மிச்சமாகும் தண்ணீர் மின்சாரக் கணக்கிலும் சேரும். குழாய்க்குக் காற்றைக் கலந்து நீரைக் குறைக்கும் ஏரேட்டர், இரட்டை ஃப்ளஷ் தொட்டி, வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர். மூன்றில் மீட்டர்தான் அதிகம் வேலை செய்யும், காசு யாருடையது என்று தெரிந்தால் குழாய் தானாக மூடும்.

கழிவுநீருக்குப் பில்டர் சின்ன எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஒன்று வைத்துத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். ஒன்பது வீட்டு அளவில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நிற்காது, காற்று ஊதும் மோட்டார் நின்ற இரண்டு நாளில் நாறும், ஒரு வருடத்தில் சங்கம் அதை அணைத்துவிடும். தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்தால் அதுவே நல்லது. ஆனால் குழாய்களை மட்டும் இப்போதே பிரித்துப் போடுங்கள்: கழிவறைக்கு ஒன்று, குளியல் மற்றும் துவைக்கும் நீருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. ஃப்ளஷ் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் இறக்குங்கள், வேறு நிறத்தில். கழிவறை ஃப்ளஷ்ஷுக்கு ஆளுக்குத் தினம் 45 லிட்டர் என்பது திட்ட அளவு, 36 பேருக்கு 1,620 லிட்டர். குளித்த நீர் அதைவிட அதிகமாகவே வரும். ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு வடித்து, ஒரு நாளுக்கு மேல் தேக்காமல் பயன்படுத்தினால் வாடை வராது. சமையலறை நீரை இதில் சேர்த்தால் எண்ணெய் படுகையை அடைத்துவிடும். இன்றைக்குப் படுகை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பரவாயில்லை, குழாய் பிரிந்திருந்தால் பிறகு சேர்க்கலாம். சுவருக்குள் போன குழாயைப் பிரிப்பதுதான் முடியாது.

பழைய வீட்டை இடிக்கும் காண்ட்ராக்ட் வழக்கமாக ‘மொத்தமாக எடுத்துக்கொண்டு போ’ என்று முடிகிறது. அந்த லோடு எங்கே இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு ஏரிக்கரையில். தேக்குக் கதவு ஜன்னல், கடப்பாக் கல், கம்பிக்கு வாங்குபவர் இருக்கிறார்கள். அஸ்திவாரக் கருங்கல்லைக் காம்பவுண்டு அடித்தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கழன்று வரும் செங்கல்லைத் தனியே அடுக்குங்கள், உடைந்ததை மொட்டை மாடித் தட்டோட்டுக்கு அடியில் போடும் செங்கல் ஜல்லியாக உடைக்கலாம். கான்கிரீட் துண்டுகளுக்கு மாநகராட்சியின் கட்டட இடிபாட்டு மறுசுழற்சி மையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. அங்கே இறக்கிய எடைச் சீட்டைக் கொடுத்தால்தான் கடைசித் தவணை என்று இடிப்பவரிடம் எழுதி வாங்குங்கள். மறுசுழற்சி ஜல்லியை உங்கள் கட்டடத்தில் பயன்படுத்தலாமா என்றால், ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதி, சுமை தாங்காத அடிப்படுகைக் கான்கிரீட்டில் முழுதாகவும், எம்25 வலு வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. நான் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். சதுப்புநில ஓரத்து உப்புநீரில் தூணுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

இப்போது கான்கிரீட். யாரும் பேசாத பெரிய பங்கு இதுதான். ஸ்டில்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து 12,800 சதுர அடி தளம் என்று வைப்போம். இந்த வகைக் கட்டடத்தில் சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை சிமென்ட், நான்கு கிலோ கம்பி போகும். 250 டன் சிமென்ட், 50 டன் கம்பி. வேறெதுவும் கலக்காத சாதாரண ஓபிசி சிமென்ட்டில் டன்னுக்கு 0.85 டன் அளவுக்குக் கரியமிலவாயு, இந்தியக் கம்பியில் டன்னுக்கு இரண்டரை. கூட்டினால் 330 டன் அளவில் வரும். ஒன்பது வீடும் மாதம் 300 யூனிட் எரித்தால், யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் வருடத்துக்கு 23 டன்தான். அதாவது யாரும் குடிவருவதற்கு முன்பே 14 வருட மின்சாரத்துக்குச் சமமான புகையைக் கட்டடம் வெளியிட்டிருக்கும். இந்த எண்கள் முன்பின்னாக இருக்கலாம், ஆனால் விகிதம் தலைகீழாகாது.

குறைக்க இரண்டு வழி. ஒன்று, சிமென்ட்டின் வகை. ஓபிசிக்குப் பதில் ஃப்ளை ஆஷ் எனும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி, அல்லது இரும்பு ஆலைக் கசடு கலந்த பிஎஸ்சி. தரவிதிப்படி முதலாவதில் சாம்பல் 35 சதவீதம் வரை, இரண்டாவதில் கசடு 70 சதவீதம் வரை இருக்கலாம். பிபிசி மட்டுமே 50, 60 டன்னைக் குறைக்கும், விலையும் கூடாது. உப்பும் சல்ஃபேட்டும் உள்ள மண்ணில் அஸ்திவாரத்துக்குப் பிஎஸ்சிதான் என் தேர்வு, கம்பி துருப்பிடிப்பதைத் தள்ளிப்போடும். பில்டர் 53 கிரேடு ஓபிசிதான் ‘ஸ்ட்ராங்’ என்பார். காரணம் பலம் இல்லை, வேகம். கலப்பு சிமென்ட் மெதுவாக இறுகும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை கூடுதல் நாள் மாட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வாடகை. ஐ.எஸ். 456இல் பதினைந்து அடிக்குள்ளான தளத்துக்கு முட்டு ஏழு நாள், 20 அடிக்குள்ளான பீமுக்கு 14 நாள் என்று இருப்பது ஓபிசிக்கு. கலப்பு சிமென்ட்டுக்கு அதைக் கூட்ட வேண்டும். தண்ணீர் விடுவதும் ஏழு நாளுக்குப் பதில் குறைந்தது பத்து நாள். சாக்கு போட்டுக் காலை மாலை நனைப்பதில் ஏமாற்றினால் கலப்பு சிமென்ட் ஓபிசியைவிட மோசமாகப் பழிவாங்கும், மேற்பரப்பு பொடிந்து வரும். இன்னொரு தவறும் நடக்கிறது: பிபிசி மூட்டையோடு சைட்டில் மறுபடியும் ஃப்ளை ஆஷ் கலப்பது. இரண்டையும் சேர்த்து எவ்வளவு ஆனது என்று யாருக்கும் தெரியாது, அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது வழி, வடிவமைப்பு. பார்க்கிங்குக்கு இடம் வேண்டும் என்று கீழே ஒரு கட்டத்திலும் மேலே வேறு கட்டத்திலும் தூண் வைத்து, நடுவில் பீமின் மேல் தூணை ஏற்றுவார்கள். கம்பி எகிறுவது அங்கேதான், நிலநடுக்கத்தில் பலவீனமும் அங்கேதான். தூண்கள் அஸ்திவாரத்திலிருந்து மாடிவரை நேராக, 14 முதல் 16 அடி இடைவெளியில் வரும்படி கட்டடக் கலைஞரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் முதல் வாரமே உட்கார்ந்து பேச வேண்டும். மண் பரிசோதனை இல்லாமல் வரைந்த அஸ்திவாரம் பயத்தில் பெருக்கும். குறைந்தது இரண்டு இடத்தில் துளையிட்டுப் பாருங்கள். வரைபடத்தை வேறொரு இன்ஜினியரிடம் சரிபார்க்கக் கொடுங்கள். அவர் சொல்லும் குறைப்பு வேறு, மேஸ்திரி சைட்டில் கம்பியைக் குறைப்பது வேறு. பின்னது குற்றம். பழைய இரும்பிலிருந்து உருக்கிய கம்பியில் கரியமிலவாயு குறைவு என்பது உண்மை. ஆனால் தரம் ஆலைக்கு ஆலை மாறுகிறது, லோடுக்கு லோடு பரிசோதனைச் சான்று வாங்க உங்களால் முடியும் என்றால் மட்டும் அதில் இறங்குங்கள்.

சுவருக்கு ஃப்ளை ஆஷ் கல், ஏஏசி எனும் காற்றறை கொண்ட லேசான பிளாக் இரண்டுமே சூளைச் செங்கல்லைவிடத் தேவலை. ஏஏசியின் எடை கன மீட்டருக்கு 600 கிலோ அளவில், செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு. எடை குறைவதால் கம்பியும் குறையும், வெப்பமும் குறைவாகக் கடத்தும். ஆனால் செங்கல்லுக்குப் போடும் அதே கலவையில் ஏஏசியைக் கட்டினால் பூச்சு வெடிக்கும். மூன்று மில்லிமீட்டர் ஒட்டுக்கலவை, கான்கிரீட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை, பூசுவதற்கு முன் சில வாரம் காயவிடுவது மூன்றும் வேண்டும். அந்த மேஸ்திரி கிடைக்கவில்லை என்றால் ஃப்ளை ஆஷ் கல்லே நல்லது.

வெயிலுக்கு மேற்குச் சுவரில் படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை, அலமாரி வரட்டும். அங்கே ஜன்னல் தவிர்க்க முடியாவிட்டால் கிடைமட்டச் சன்ஷேடு மாலை வெயிலைத் தடுக்காது, பக்கவாட்டுத் தடுப்பு வேண்டும். குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018இல் வந்தபோது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான் என்று இருந்தது, உங்களுடையது 446. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னை போன்ற புழுக்கமான ஊரில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வீட்டின் உள்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நூறு சதுர அடி அறைக்குப் பதினாறரை சதுர அடி. ஐந்துக்கு நாலு யுபிவிசி பிளாஸ்டிக் சறுக்கு ஜன்னல் பார்க்க இருபது, திறந்தால் பத்துதான். கீல் வைத்த கதவு ஜன்னல் போட்டால் முழுதும் திறக்கும். விலை வித்தியாசம் சொற்பம், ஏசி ஓடும் மாதங்கள் குறையும். மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்ற நம் பழைய முறையே போதும். மேலே தட்டோட்டுக்குப் பதில் வெள்ளைத் தட்டு பதித்தால் சூடு இன்னும் குறையும். வெள்ளை பெயின்ட் இரண்டு வருடத்தில் அழுக்கேறிவிடும், தட்டைத் துடைத்துக்கொள்ளலாம்.

சோலாரைப் பற்றி ஏளனமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். பத்து கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 14,000 யூனிட் வரும், ஏறக்குறைய பத்து டன் கரியமிலவாயு மிச்சம், அது சின்ன எண் இல்லை. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது மின்பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இன்று பட்ஜெட் இடிக்கிறது என்றால், தண்ணீர்த் தொட்டியையும் லிஃப்ட் அறையையும் வடக்குப் பக்கம் தள்ளி ஆயிரம் சதுர அடி நிழலில்லா இடம் விட்டு, மீட்டர் அறைவரை ஒரு காலிக் குழாய் மட்டும் இறக்கி வைத்துவிடுங்கள். மின்விசிறிகளை முதலிலேயே மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் வகையாக்கிவிடுங்கள், 75 வாட் 30 வாட்டாகும். மாடித்தோட்டம் காய்கறிக்கு நல்லது, மற்றபடி சுமையும் கசிவும்தான். செங்குத்துத் தோட்டம் மோட்டார் நின்ற வாரம் காய்ந்துவிடும். அந்தப் பணத்தில் மனையில் இப்போது நிற்கும் மரத்தைக் காப்பாற்றுங்கள். அதன் நிழல் விழும் வட்டத்துக்குள் ஜேசிபி வரக் கூடாது, அங்கே குழாய்ப் பள்ளம் கையால்தான் தோண்ட வேண்டும். புதிதாக நடுவதென்றால் புங்கமும் பூவரசும். 2016 வர்தா புயலில் குல்மோகர் மாதிரி மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும்.

பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் ‘கிரீன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ஸ்டில்ட் தளத்தின் உயரம் ரோட்டிலிருந்து இத்தனை அங்குலம், சிமென்ட் இந்த வகை, முட்டு பிரிக்கும் நாள் இத்தனை, கிணறு மூடப்படாது, குழாய் மூன்று தனித்தனி, ஜன்னல் கீல் வகை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் பணத் தவணையோடு கட்டப்பட்டிருக்கட்டும். மண் பரிசோதனை அறிக்கையும், கிணற்றின் நீர்மட்டம் மே மாதத்திலும் நவம்பரிலும் எத்தனை அடியில் நிற்கிறது என்ற அளவும் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். நவம்பரில் அது தரையிலிருந்து ஐந்தடிக்குள் என்றால் மேலே சொன்ன மூன்று கட்ட அமைப்பில் சம்ப்பை இரட்டிப்பாக்கி, கிணற்றைக் கோடைக்கால இருப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்ற வேண்டியிருக்கும்.